தென்முனையில் ஒரு புல்: பிடுங்கத்தான் வேண்டுமா?

நீலமலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஊட்டி, குன்னூர்ப் பக்கம் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு போவா அன்னுவா என்ற புல்லைத் தெரிந்திருக்கும். குட்டையாக, வெளிர்பச்சையாக இருக்கும். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அதற்குக் கீழேயே பூத்து விதை போட்டுவிடும். ஐரோப்பாவிலிருந்து மனிதர்களோடு கிளம்பி உலகம் முழுக்கப் போன களை இது.

அது அண்டார்க்டிகாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டின் ஆர்க்டோவ்ஸ்கி ஆய்வு நிலையம் 1977-இல் தொடங்கியது. 1985-86 கோடையில் நிலையக் கட்டடங்களை ஒட்டி இந்தப் புல்லை முதன்முதலாகக் கண்டார்கள். அப்புறம் பல ஆண்டுகள் அது ஆள் நடமாட்டம் உள்ள, மண் கிளறிய இடங்களில் மட்டுமே இருந்தது. அதனால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 2008-09 கோடையில் நிலைமை மாறியது. நிலையத்துக்கு அருகே உள்ள இகாலஜி பனியாறு பின்வாங்கியபோது வெளிப்பட்ட புது மண்ணில், மனிதக் கட்டடம் எதுவும் இல்லாத இடத்தில், இந்தப் புல் வளர்ந்திருந்தது. அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் கீழ் தனிப் பாதுகாப்புப் பெற்ற பகுதி அது.

இப்போது போலந்து ஆய்வாளர்கள் குத்துக் குத்தாக, வேரோடும் மண்ணோடும் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். இது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வினாக்குறி எழுதியது:

நல்ல இழை. ஆனால் என் முதல் கேள்வியே அடிப்படையானது. ஒரு கண்டம் முழுக்க பனி. அதில் ஒரு ஓரத் தீவில் கொஞ்சம் புல். அதனால் யாருக்கு என்ன கேடு? பென்குயின் அதைத் தின்னப்போவதில்லை, அது பென்குயினையும் தொந்தரவு செய்யப்போவதில்லை. பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது செடிகள் துருவத்தை நோக்கி நகர்வது இயல்புதானே? கரியமிலவாயுவைக் குறைக்க வேண்டிய நேரத்தில் கப்பலில் ஆட்களை அனுப்பிப் புல் பிடுங்குவது முன்னுரிமை தவறிய வேலையாகத் தெரிகிறது.

செல்வி_தாவரவியல் எழுதியது:

வினாக்குறி, கண்டம் பெரிதுதான். ஆனால் நிலத்து உயிர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அண்டார்க்டிகாவில் பனி மூடாத நிலம் மொத்தப் பரப்பில் அரை சதவீதம்கூட இல்லை. பாசி, பாறைப்பாசி, உண்ணி, வால்துள்ளிப் பூச்சிகள் எல்லாம் அந்தத் துண்டு நிலத்தில்தான் வாழ்கின்றன. அங்கே இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு. ஒன்று டெஷாம்ப்சியா அண்டார்க்டிகா என்ற முடிப்புல். மற்றொன்று கொலோபாந்தஸ் கிட்டென்சிஸ், பாசித் திட்டு மாதிரி தரையோடு படர்ந்து சின்னப் பூ பூக்கும் செடி. ஒரு கண்டத்துக்கே பூக்கும் செடி இரண்டுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிலி நாட்டு ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இந்த இரண்டு செடிகளையும் போவா அன்னுவாவோடு சேர்த்து வளர்த்தபோது இரண்டிலும் ஒளிச்சேர்க்கைத் திறன் குறைந்தது, உடல் எடையும் குறைந்தது. வந்த புல்லுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. போவா அன்னுவா பொதுவாக ஓராண்டுப் புல் என்றுதான் படிப்போம். அண்டார்க்டிகாவில் அது அடர்ந்த குத்தாகிப் பல ஆண்டுகள் நிலைக்கிறது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் பூச்சியும் தேவையில்லை, இன்னொரு செடியும் தேவையில்லை. ஒரே ஒரு விதை போதும், குடும்பம் தொடங்கிவிடும். அதை மேய ஒரு விலங்கும் அங்கே கிடையாது.

இன்னொன்று. 2017-இல் வெளியான ஒரு கணக்கின்படி, கரியமிலவாயு வெளியேற்றம் இப்படியே தொடர்ந்தால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் பனி விலகிய நிலம் 17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் கூடலாம். அதாவது ஏறக்குறைய கால் பங்கு அதிகம். அதில் பெரும்பகுதி அண்டார்க்டிக் தீபகற்பத்தில்தான். ஆய்வு நிலையங்களும் சுற்றுலாக் கப்பல்களும் குவிந்திருப்பதும் அங்கேதான். புதிதாகத் திறக்கும் அந்த மண்ணில் யார் முதலில் கால் ஊன்றுகிறார் என்பதுதான் பிரச்சினை. தீபகற்பத்துக்கு வடகிழக்கே உள்ள சிக்னி தீவில் உள்ளூர்ச் செடிகள் இரண்டும் 2009-க்கும் 2018-க்கும் இடையில் முந்தைய அரை நூற்றாண்டை விட வேகமாகப் பரவியிருக்கின்றன. அவற்றுக்கும் இது நல்ல காலமாக இருந்திருக்க முடியும். பக்கத்திலேயே போட்டிக்கு ஆளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

நான் தென்முனைப் பயணக் கப்பலில் வேலை பார்த்தவன், அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் கப்பல் கிளம்பியதும் முதல் இரண்டு நாள், தென்னமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கும். அந்த நேரத்தில் பயணிகள் எல்லோரையும் வரவழைத்து உடைகளையும் பைகளையும் சோதிப்போம். வேக்குவம் கிளீனர், பிரஷ், ஊசி எல்லாம் மேசையில் இருக்கும். சட்டைப் பையின் அடித் தையல், கையுறையின் வெல்க்ரோ, கேமராப் பையின் மூலை, முக்காலிக் காலின் மூட்டு, கம்பளிக் காலுறை. விதை ஒளிந்திருக்கும் இடங்கள் இவைதான். வெல்க்ரோவிலிருந்து பிடுங்கியெடுப்பதுதான் பெரிய வேலை. முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம். ஒவ்வொரு முறை கரையிறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கித் தேய்க்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்த பிறகு தரையில் உட்காரவும் முட்டிபோடவும் பையைக் கீழே வைக்கவும்கூட அனுமதி இல்லை.

சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். இவ்வளவு பணம் கட்டி வந்தது சட்டைப் பையைத் திருப்பிக் காட்டவா என்பார்கள். அந்தப் பையிலிருந்து வந்த குப்பையை ஒரு தட்டில் கொட்டிக் காட்டினால் பெரும்பாலோர் அமைதியாகிவிடுவார்கள். சொந்த ஊர்த் தோட்டமே அதில் இருக்கும்.

நீலமலை எழுதியது:

தூத்துக்குடி அண்ணா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னதை எண்ணிப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. 2007-08 கோடையில் அண்டார்க்டிகா சென்றவர்களின் உடை, காலணி, பைகளைப் பன்னாட்டுக் குழு ஒன்று சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டது. விதை வைத்திருந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரியாக 9.5 விதைகள். அந்தக் கோடையில் போனவர்கள் சுமார் 33,000 சுற்றுலாப் பயணிகள், 7,000 ஆய்வுப் பணியாளர்கள். தலைக்கு எடுத்துப் பார்த்தால் சுற்றுலாப் பயணியை விட ஆய்வாளரிடம்தான் விதை அதிகம். காரணம் சுலபம்: அவர்கள் பழைய களக் கருவிகளையும் உடைகளையும் திரும்பத் திரும்ப எடுத்துப் போகிறார்கள். போன விதைகளில் பாதியளவு, குளிர்நாட்டுச் செடிகளுடையவை. அதாவது அங்கே பிழைக்கத் தெரிந்தவை.

2022-23 பருவத்தில் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் கரையிறங்காமல் கப்பலிலிருந்தே பார்த்துத் திரும்புவோரும் உண்டு என்றாலும், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினாக்குறி எழுதியது:

செல்வி அக்கா சொன்ன போட்டிச் சோதனை பலமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் ‘உள்ளூர்’, ‘வெளியூர்’ என்ற கோட்டை எப்படிப் போடுகிறீர்கள்? அண்டார்க்டிகா மூடிய பெட்டி அல்ல. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு: தென்கடலில் உள்ள கெர்கெலன் தீவிலிருந்தும் தெற்கு ஜார்ஜியாத் தீவிலிருந்தும் பெயர்ந்த பெரிய கடற்பாசிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து அண்டார்க்டிகக் கரையில் ஒதுங்கியிருக்கின்றன. மரபணு பார்த்துக் கண்டுபிடித்தார்கள். யாரும் கப்பலில் ஏற்றிப் போகவில்லை.

தீபகற்பத்தை ஒட்டிய டிசெப்ஷன் தீவு விவகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் அங்கே இரண்டு சூரியகாந்திக் குடும்பச் செடிகளைப் பார்த்தார்கள். நசாவியா மாகெல்லானிகா ஒன்று, காமோகீட்டா நிவாலிஸ் மற்றொன்று. இரண்டும் தென்னமெரிக்காவின் தென்கோடியைச் சேர்ந்தவை. காற்றிலோ பறவையிலோ தானாக வந்ததா, பயணிகளின் காலோடு வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையிலேயே 2010 தொடக்கத்தில் நசாவியாவைப் பிடுங்கிவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டர் கடல் தாண்டித் தானாக வந்த செடியாக அது இருந்திருந்தால்? ஒரு கண்டத்தின் மூன்றாவது பூச்செடியை நாமே கொன்றிருப்போம்.

நீலமலை எழுதியது:

இது நியாயமான கேள்வி. நானும் பல நாள் யோசித்த விஷயம் இது. என் பதில் இதுதான். அந்தச் செடிகள் இருந்த இடம் திமிங்கல விரிகுடா. பழைய திமிங்கல வேட்டை நிலையம் அங்கேதான் இருந்தது. தென்முனையில் பயணிகள் அதிகம் இறங்கும் கரைகளில் அதுவும் ஒன்று. வந்த இரண்டும் ஆள் போகாத நூற்றுக்கணக்கான கரைகளை விட்டுவிட்டு, நேராக ஆட்கள் இறங்கும் கரைக்கே வந்தன என்றால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். உறுதி இல்லைதான். ஆனால் காற்றால் ஒரு முறை வந்தது மறுபடியும் வரலாம். தவறாகப் பிடுங்கினால் இழப்பு ஒரு செடி. தவறாக விட்டுவைத்தால் அதைத் திரும்பப் பெற வழி இல்லை. இந்த இரண்டு தவறுகளும் ஒரே எடை அல்ல.

கடற்பாசிக் கதையும் எனக்குப் பிடித்த ஆய்வு. அது ஒதுங்கியது உண்மை, அங்கே நிலைத்து வாழவில்லை என்பதும் உண்மை. தானாக வருவது அரிது, வந்து நிலைப்பது அதைவிட அரிது. இரண்டே பூச்செடிகள் இருப்பதற்குக் காரணமே அதுதான். நாம் அந்த அரிதான நிகழ்வை ஒவ்வொரு கோடையும் பல்லாயிரம் முறை நடத்துகிறோம்.

மண்வெட்டி எழுதியது:

நான் தோட்டக்காரன். நடைமுறைக் கேள்வி. இந்தப் புல்லின் விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும். மேலே பிடுங்கினால் கீழே இருப்பது அடுத்த வருடம் முளைக்கும். களைக்கொல்லி அடிக்கலாமா? எப்போது ‘முடிந்தது’ என்று சொல்வார்கள்?

செல்வி_தாவரவியல் எழுதியது:

மண்வெட்டி ஐயா, சிக்கலே அங்கேதான். ஆர்க்டோவ்ஸ்கி அருகே மண்ணை எடுத்துப் பார்த்தபோது முளைக்கும் திறனோடு விதைகள் கிடந்தன. அதனால்தான் புல்லோடு மண்ணையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஒரு முறை செய்து முடிக்கும் வேலை இல்லை, ஒவ்வொரு கோடையும் அதே இடங்களை மறுபடி நடந்து பார்க்க வேண்டும். பக்கத்திலேயே உள்ளூர் முடிப்புல்லும் வளர்வதால் கண்ணால் பிரித்துப் பார்த்துக் கையால் எடுப்பதுதான் பாதுகாப்பு.

சீக்கிரம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்டார்க்டிக் தீபகற்பத்தில் உள்ள சியேர்வா முனை நல்ல சான்று. 1954-55-இல் அங்கே ஒரு நடவுச் சோதனை நடந்தது. தென்னமெரிக்காவின் தென்கோடியான தியேரா டெல் ஃபுவேகோவிலிருந்து மரக்கன்றுகளை மண்ணோடு கொண்டுவந்து நட்டார்கள். மரங்கள் செத்துவிட்டன. மண்ணோடு வந்த போவா பிராடென்சிஸ் என்ற புல் பிழைத்துக்கொண்டது. அறுபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அது பிடித்திருந்த இடம் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 2015 ஜனவரியில் மண்ணோடு மொத்தமாகத் தோண்டி எடுத்துவிட்டார்கள். அர்ஜென்டினா, ஸ்பெயின், பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை.

எதிர்முனையில் தெற்கு ஜார்ஜியா. திமிங்கல வேட்டைக் காலத்தில் ஆட்களும் தீவனமும் வந்து இறங்கிய தீவு. 1911-இல் நார்வேக்காரர்கள் இறைச்சிக்காகக் கலைமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை உள்ளூர்ப் புல்லை மேய்ந்து அழிக்க, மிதியையும் மேய்ச்சலையும் தாங்கும் போவா அன்னுவா அந்த இடங்களில் புல்தரையாகவே படர்ந்தது. 2013 முதல் 2015 வரை கலைமான்களை முழுவதுமாக அகற்றினார்கள். உயரமான உள்ளூர் டசாக் புல் திரும்பி வருகிறது. ஆனால் போவா அன்னுவாவை அங்கே ஒழிக்கும் திட்டமே இல்லை, அந்த அளவுக்குப் பரவிவிட்டது. இன்னும் சிறு திட்டாக இருக்கும் மற்றக் களைகளைத்தான் தேடித் தேடி ஒழிக்கிறார்கள். அங்கே களைக்கொல்லியும் உண்டு.

நீலமலை எழுதியது:

அக்கா சொன்ன இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வந்தது புரியும். குளிர் ஒரு விஷயத்தில் நமக்கு உதவி செய்கிறது: எல்லாவற்றையும் மெதுவாக்குகிறது. வெப்ப நாட்டில் ஒரு களை வந்து ஐந்தாறு ஆண்டில் கைமீறிப்போகும். அங்கே அறுபது ஆண்டில் ஒரு சதுர மீட்டர். இவ்வளவு அவகாசம் உலகில் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் சூடு ஏற ஏற அந்த அவகாசம் சுருங்குகிறது. வினாக்குறி, கரியமிலவாயுவைக் குறைப்பதா புல்லைப் பிடுங்குவதா என்று கேட்டீர்கள். சூடாவதால்தான் பிடுங்குவதற்கு அவசரம் என்கிறேன்.

வடதுருவத்தாள் எழுதியது:

வணக்கம், நான் நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் தென்முனையைப் பற்றியே கதைக்கிறீர்கள், வடக்கையும் கொஞ்சம் பாருங்கோ.

வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கிற நோர்வேத் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். அங்கே லாங்யியர்பியென் விமானநிலையத்தில் வந்து இறங்கின 259 பயணிகளின் சப்பாத்துகளை ஆய்வாளர்கள் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் முடிவு வந்தது. 1,019 விதைகள், குறைந்தது 53 இனங்கள். ஆளுக்குச் சராசரி நாலு விதை. அதை ஸ்வால்பார்டின் கோடை மாதிரிக் குளிரில் வைத்துப் பார்த்தபோது கால்வாசி முளைத்தது. அந்த ஆக்கள் அனேகமாக மலையேற வந்தவர்கள். நோர்வேயின் காடுகளில் நடந்த அதே சப்பாத்தோடு விமானம் ஏறியிருப்பார்கள். உலகத்தின்ர விதைகளைப் பாதுகாக்கிற பெட்டகம் இருக்கிற அதே ஊர் இது. ஒருபக்கம் விதையைப் பூட்டி வைக்கிறோம், மறுபக்கம் சப்பாத்தில் கொண்டுவந்து கொட்டுகிறோம். எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம்.

ஸ்வால்பார்டிலேயே இருக்கிற பாரென்ட்ஸ்பர்க் என்ற ரஷ்ய நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் முந்தி மாடு, பன்றி எல்லாம் வளர்த்தார்கள். தீவனத்தோடும் மண்ணோடும் வந்த களைகள் அந்தப் பழைய மாட்டுக்கொட்டில் பக்கம் இன்னும் நிற்கின்றன. கரட் குடும்பத்து ஆந்த்ரிஸ்கஸ் சில்வெஸ்ட்ரிஸ் அதில் ஒன்று. நோர்வேயில் தெருவோரம் முழுக்க இடுப்புயரத்துக்கு வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். ஸ்வால்பார்டின் சொந்தச் செடிகளில் பெரும்பாலானவை சாண் உயரம்கூட வராது. பக்கத்தில் இது எழும்பினால் அவைக்கு வெளிச்சம் ஏது?

வினாக்குறி எழுதியது:

வடதுருவத்தாள், நல்ல தகவல்கள். வடக்கு என்று வந்துவிட்டதால் ஐஸ்லாந்தைக் கேட்கிறேன். எனக்கு இதில்தான் உண்மையான தயக்கம்.

அங்கே 9-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் வந்தபோது நிலத்தில் கால் பங்காவது பிர்ச் காடும் புதரும் இருந்தது. மரம் வெட்டி, ஆடு மேய்த்து அது ஒரு சதவீத அளவுக்கு வந்துவிட்டது. எரிமலை மண் லேசானது, மூடாக்குப் போனதும் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது. 1945-இல் வனத்துறைத் தலைவர் ஹாக்கோன் ப்யார்னசன் அலாஸ்காவிலிருந்து நூட்கா லூப்பின் விதையைக் கொண்டுவந்தார். அவரைக் குடும்பம், வேர்முடிச்சால் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும். வெறும் கரும்மணலில் உரமில்லாமல் வளர்ந்து மண்ணைப் பிடித்து நிறுத்தியது. நாடே அதை விதைத்தது. இன்றைக்கு ஜூன் மாதத்தில் மலைச்சரிவெல்லாம் ஊதாநீலம். இதையும் பிடுங்கச் சொல்வீர்களா?

வடதுருவத்தாள் எழுதியது:

ஐஸ்லாந்துக்காரரே இதில் இரண்டாய்ப் பிரிந்துதான் நிற்கிறார்கள். நான் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன், வடிவாய்த்தான் இருக்கும், மறுக்க ஏலாது. ஆனால் லூப்பின் மணலோடு நிற்கவில்லை. பாசியும் குரோபெரியும் புளூபெரியும் வளர்கிற பழைய புதர்நிலத்துக்குள்ளும் ஏறுகிறது. ஒரு மீட்டர் உயரச் செடி மேலே மூடினதும் அடியில் இருக்கிற குட்டைச் செடிகள் செத்துப்போகும். சில இடங்களில் இருபது, முப்பது வருடத்தில் லூப்பின் தானாய் மெலிந்து புல்வெளியாகும். சில இடங்களில் அது சேர்த்து வைத்த தழைச்சத்தைத் தின்றுகொண்டு அதே ஆந்த்ரிஸ்கஸ் வந்து குடியேறுகிறது. ஒரு வேற்றுச்செடி இன்னொன்றுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது.

2010-இல் அரசுக்குக் கொடுத்த ஆலோசனை எனக்குச் சரியாகப் படுகிறது: 400 மீட்டருக்கு மேலேயும் தேசியப் பூங்காக்களிலும் அதை ஒழிக்கிறது, தாழ்நில மணல்வெளியில் மீளமைப்புக்கு மட்டும் விடுகிறது.

செல்வி_தாவரவியல் எழுதியது:

பறவைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். லூப்பின் அடர்ந்த இடத்தில் உள்ளான் பெருகும். திறந்த நிலம் தேவைப்படும் பொன்னிற உப்புக்கொத்தி விலகிப்போகும். மொத்தப் பறவை எண்ணிக்கை வெறும் மணலை விட லூப்பின் காட்டில் அதிகம் என்பதும் உண்மை. ஆகவே ‘உயிர் பெருகுகிறதா’ என்று மட்டும் கேட்டால் லூப்பின் ஜெயிக்கும். எந்த உயிர், அது வேறெங்கும் பிழைக்குமா என்று கேட்டால் விடை மாறும். உப்புக்கொத்திக்கு ஐஸ்லாந்து மிக முக்கியமான இனப்பெருக்க நாடு.

வினாக்குறி, ஐஸ்லாந்து மனிதன் ஏற்கெனவே சிதைத்த நிலம், அங்கே மருந்தாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அண்டார்க்டிகாவில் குணப்படுத்த வேண்டிய காயம் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

வினாக்குறி எழுதியது:

அந்த வேறுபாட்டை ஏற்கிறேன் அக்கா. அண்டார்க்டிகாவில் பிடுங்குவதை இனி எதிர்க்க மாட்டேன். ஆனால் இன்னும் ஐம்பது ஆண்டில் தீபகற்பம் பச்சையாகும்போது, தானாக வருகிற செடியையும் பிடுங்கிக்கொண்டே இருப்போமா என்ற கேள்வியை நான் விடப்போவதில்லை.

நெறியாளர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. சுற்றுலாவைத் தடை செய்யலாமா என்று தனிமடலில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை திறக்கவும்.

முதுகலை_மாணவன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்திய நிலையங்களில் இந்தப் பிரச்சினை உண்டா? செடி தவிரப் பூச்சிகளும் இப்படிப் போகுமா?

செல்வி_தாவரவியல் எழுதியது:

தம்பி, மைத்ரி நிலையம் ஷிர்மாகர் பாலைச்சோலையிலும் பாரதி நிலையம் லார்ஸ்மன் குன்றுகளிலும் இருக்கின்றன. இரண்டும் கிழக்கு அண்டார்க்டிகா, தீபகற்பத்தை விடக் கடுங்குளிர். அங்கே இயற்கையாகப் பூக்கும் செடியே கிடையாது, பாசியும் பாறைப்பாசியும்தான். அதனால் களை நிலைப்பது கடினம், ஆனால் எச்சரிக்கை அதே அளவு வேண்டும். அனுமதியில்லாமல் வேற்று உயிரினத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது அண்டார்க்டிக் ஒப்பந்தத்தோடு சேர்ந்த, 1991-இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்பாடான மாட்ரிட் நெறிமுறையின் விதி. நம் நாட்டில் 2022-இல் வந்த இந்திய அண்டார்க்டிக் சட்டமும் அதைத் தடை செய்கிறது.

பூச்சிக்குச் சிக்னி தீவைப் பார். எரெட்மோப்டெரா மர்ஃபி என்ற இறக்கையில்லாக் கொசுவினம் 1960களில் ஒரு செடி நடவுச் சோதனையோடு தெற்கு ஜார்ஜியாவிலிருந்து போனது. இன்று அது வாழும் மண்ணில் நைட்ரேட் அளவு பல மடங்கு கூடியிருக்கிறது. சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய பாசிகளின் வாழ்வே இதனால் மாறும். நாளை அங்கே ஒரு களைவிதை விழுந்தால் அதற்கு உரம் தயாராக இருக்கிறது.

முதுகலை_மாணவன் எழுதியது:

நன்றி மேடம். அடுத்த கோடையில் களப்பயிற்சிக்காக ஸ்வால்பார்ட் போக வாய்ப்பு வந்திருக்கிறது. நான் என்ன செய்து கொண்டு போக வேண்டும்?

வடதுருவத்தாள் எழுதியது:

தம்பி, முடிந்தால் புதுச் சப்பாத்து வாங்குங்கோ. பழையது என்றால் கயிற்றைக் கழற்றி, நாக்குத் துண்டின் அடியிலும் அடித்தட்டின் பள்ளங்களிலும் ஊசியால் சுரண்டி, சுடுதண்ணியில் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கோ. கம்பளிக் காலுறையைக் கழுவினாலும் விதை போகாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கையால் எடுக்க வேண்டும். முதுகுப்பையை உட்புறம் வெளியே திருப்பி வேக்குவம் பிடியுங்கோ. இதெல்லாம் வீட்டிலேயே செய்து போடுங்கோ, அங்கே போய்த் தட்டினால் விதை அங்கேதான் விழும்.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

மழைச்சட்டையின் வெல்க்ரோவையும் மறக்காதே தம்பி. சுரண்டி எடுத்த குப்பையை மடித்துக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடு, ஜன்னலுக்கு வெளியே உதறாதே.